நோட்டில் ஒட்டிய பொட்டு

"உங்க குரல் மூணாவது பெஞ்சத் தாண்டல, தேவிப்ரியா" என்றார் தலைமை ஆசிரியை ஹெப்சிபா மேடம்.

கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

"ஜனவரி கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்பவும் இப்டியேன்னா நீங்க ஆபீஸ்ல உக்காந்து ரெஜிஸ்டர் எழுதுங்க. ரெண்டாம் கிளாஸுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

"சரிங்க மேடம்."

"என்ன?"

"சரிங்க மேடம்."

"பாத்தீங்களா. இதுக்கே ரெண்டு வாட்டி."

நான் வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் யாரும் சத்தமாகப் பேச வேண்டியதில்லை. நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நிற்கலாம். மூன்று வருடம் அப்படி நின்ற பிறகு வேங்கிக்காலில் வீட்டோடு ஒரு வருடம் இருந்தேன். பிறகு இந்தப் பள்ளியில் சேர்ந்தேன். செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சிறிய கிறிஸ்தவ சபைக்குப் பின்னால் ஐந்து அறைகள். காலையில் ஜெபம், மதியம் சாப்பிடும் முன் ஜெபம். என் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். பாதிக்கு மேல் இந்து வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் எல்லோருமே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஜெபம் செய்வார்கள். கண் மூடாதவள் நான் மட்டும்தான். யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் ஆங்கிலப் பாடத்தில் சுருக்கங்கள் வந்தன. 'டூ நாட்' என்பது 'டோன்ட்' ஆகும், 'ஐ ஆம்' என்பது 'ஐம்' ஆகும், போன எழுத்தின் இடத்தில் மேலே ஒரு குறி போட வேண்டும். அபாஸ்ட்ரஃபி என்று எழுதிக் காட்டினேன். பிள்ளைகளுக்கு வாயில் நுழையவில்லை. "மேல கமா" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

பெயர் வைத்தார்களே தவிர, அதை எங்கே போடுவது என்று பிடிபடவில்லை. சிலர் வார்த்தையின் கடைசியில் போட்டார்கள். சிலர் கீழே போட்டார்கள். ஆதவன் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒன்று போட்டு, "மழ பெய்யுது மிஸ்" என்றான். நான் பலகையில் மறுபடி மறுபடி விளக்கினேன். மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் இருந்தவர்கள் அமைதியாக வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள்.

அன்று மாலை வீட்டில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். அதன் ஓரத்தில் நானும் அம்மாவும் ஒட்டி வைத்த பழைய ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருக்கும். வட்டம், நீளம், சொட்டு வடிவம். ஒரு சொட்டுப் பொட்டு சாய்ந்து ஒட்டியிருந்தது. மேலே தலை, கீழே வளைந்த வால். அச்சு அசலாக மேல கமா.

தேரடித் தெருக் கடையில் சொட்டுப் பொட்டு ஒன்பது பாக்கெட் கேட்டபோது, "வீட்ல விசேஷமாம்மா?" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வந்தேன். எதற்கு என்று விளக்க ஆரம்பித்தால் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை பாடம் நடந்தது. ஆளுக்கு நான்கு காகிதத் துண்டுகள் கொடுத்தேன். அவற்றில் பெரிய எழுத்தில் இரண்டிரண்டு வார்த்தைகள்.

"ரெண்டு வார்த்தையும் ஒட்டி உக்காரணும். இடம் பத்தல. அதனால ஒரு எழுத்து எழுந்து போவுது. அந்த எழுத்த மட்டும் கிழிங்க."

கிழித்தார்கள். மீதியைச் சேர்த்து நோட்டில் ஒட்டினார்கள். எழுத்து போன இடத்துக்கு மேலே ஒரு பொட்டு. கல்லூரியில் படித்த ஒரு வினை நினைவுக்கு வந்தது. இரண்டு மூலக்கூறுகள் இணையும்போது நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எனக்குள் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சில் இருந்த பியூலா கை தூக்கினாள்.

"மிஸ், கிழிச்ச 'ஓ' எழுத்த என்ன பண்றது?"

"குப்பையில போட்டுடு."

"பாவம் மிஸ். அது ஒண்ணும் தப்பு பண்ணலயே."

பென்சில் டப்பாவில் போட்டு மூடினாள். அதைப் பார்த்து எல்லோரும் தங்கள் தங்கள் டப்பாவில் போட்டுக்கொண்டார்கள்.

சுவரில் வகுப்பு விதிகள் எழுதிய அட்டை ஒன்று உண்டு. முதல் விதி, நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். அதையும் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதச் சொன்னேன். 'வீ டோன்ட் டெல் லைஸ்.' பதினெட்டு நோட்டிலும் பொட்டு சரியான இடத்தில் இருந்தது. நான் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை.

ஆளுக்கு ஆறு பொட்டு கொடுத்திருந்தேன். ஒன்று கீழே விழுந்தால் ஆகட்டும் என்று. விழாத ஆறாவதைப் பிள்ளைகள் கையில் ஒட்டிக்கொண்டார்கள், மூக்கில் ஒட்டிக்கொண்டார்கள். மூன்றரை மணிக்கு கேட்டுக்குப் போகும்போது பியூலா நெற்றியில் ஒட்டியிருந்தாள். கொஞ்சம் கோணலாக. அவள் சபைக் குடும்பம், அவர்கள் வீட்டில் பொட்டு வைப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது மனதில் வரவில்லை. பார்க்க அழகாக இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு ஜெபத்துக்கு பியூலா எழுந்திருக்கவில்லை. அந்த ஜெபம் எப்போதும் அவளுடையது. "இயேசப்பா" என்று அவள் ஆரம்பித்தால் பக்கத்து அறைக்கும் கேட்கும். எனக்குச் சில நாள் பொறாமையாகக்கூட இருக்கும்.

"என்ன பியூலா? எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"நான் வேணாம் மிஸ்."

"ஏன்?"

"நான் பொய் சொல்ற பொண்ணு. நான் ஜெபம் பண்ணக் கூடாது."

"யார் சொன்னா அப்டி?"

டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். வேறு யாராவதாக இருந்தால் உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள். எனக்கு இரண்டாவது கேள்வி எப்போதும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆதவன் எழுந்து, மனப்பாடமாக இருந்ததை வேகமாகச் சொல்லி முடித்தான்.

மூன்றரைக்கு வழக்கமாக அவளுடைய பெரியம்மா கன்னியம்மாள் வருவார். கோயில் பக்கம் பூக் கட்டி விற்கிறவர். கேட்டருகே வந்து நின்றால் மல்லி வாசம் வரும். பியூலாவைக் கூட்டிப்போய், கஃபேயில் சமையல் வேலை செய்யும் அவள் அம்மா வரும் வரை வைத்துக்கொள்வார். அன்று அவர் வரவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு பியூலா படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா லேட்டா?"

"இனிமே வர மாட்டாங்க."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பென்சில் டப்பாவைத் திறந்து ஓக்களை எண்ணினாள். மூன்று இருந்தன. மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணினாள். ஐந்தரைக்கு அவள் அம்மா லீதியா ஸ்கூட்டியில் வந்தார். உடுப்பில் மாவு. என்னைப் பார்த்து, "சாரி மிஸ், வேல விட்டு வர முடியல" என்றார். கிளம்பிவிட்டார்கள். ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்று கேட்கவில்லை.

புதன்கிழமை காலை நான் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். லீதியா உள்ளே வந்தார். கையில் மடித்த ஒரு தாள்.

"ஸ்தோத்திரம் மேடம். ஒரு லெட்டர் குடுக்கணும்."

"உக்காரும்மா. என்ன லெட்டர்?"

"எங்க அக்கா வந்து கேட்டா பியூலாவ அனுப்பாதீங்க. நான் வந்தாதான் அனுப்பணும்."

ஹெப்சிபா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கூடப் பொறந்தவங்கதானே? ரெண்டு வருஷமா அவங்கதான் வராங்க."

"அதான் மேடம் கஷ்டமா இருக்கு." லீதியா தாளை இன்னொரு முறை மடித்தார். "போன வருஷம் தீபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு கூட்டிட்டுப் போயி, புள்ளைக்குப் பொட்டு வச்சு, பூ வச்சு, போட்டோ எடுத்து, ஊருக்கெல்லாம் அனுப்பிச்சு. அப்பவே சண்ட. இனிமே செய்ய மாட்டேன், சத்தியம்னு சொன்னா. திங்கக்கெழம பாத்தா மறுபடி நெத்தியில பொட்டு. கேட்டா, நான் வெக்கலன்றா. என் மூஞ்சப் பாத்தே சொல்றா மேடம்."

"கொழந்த என்ன சொல்லுது?"

"அது அதுக்கு மேல." லீதியாவின் குரல் உடைந்தது. "மிஸ் குடுத்தாங்கன்னுது. கிறிஸ்டியன் ஸ்கூல்ல மிஸ் பொட்டு குடுப்பாங்களா மேடம்? பெரியம்மாவக் காப்பாத்தறதுக்கு மிஸ் மேல பொய் சொல்லுது. நான் புள்ளையக் கை நீட்டுனதே இல்ல. அன்னிக்கு ரெண்டு அடி அடிச்சிட்டேன். இனிமே மிஸ் பேர இழுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்."

என் கையில் பேனா இருந்தது. என் பெயருக்கு எதிரே பாதிக் கையெழுத்து. இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அந்த அறையில் இருப்பதை யாரும் பொதுவாகக் கவனிப்பதில்லை. கையெழுத்தை முடித்துவிட்டு வெளியே போயிருக்கலாம். மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பவில்லை. கேட்கவில்லை.

"நான்தான் குடுத்தேன்!"

அது என் குரல் மாதிரியே இல்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"பியூலா பொய் சொல்லல. உங்க அக்காவும் பொய் சொல்லல. பொட்டு நான்தான் குடுத்தேன். ஒன்பது பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். பாடத்துக்கு. எல்லாப் பிள்ளைக்கும் ஆறு. அவ நெத்தியில ஒட்டிட்டுப் போனதையும் பாத்தேன். எடுன்னு சொல்லல. தப்பு என்னுது."

நான் ஓடிப்போய் வகுப்பு அலமாரியிலிருந்து பியூலாவின் நோட்டை எடுத்து வந்தேன். வகுப்பு நோட்டுகள் வீட்டுக்குப் போவதில்லை. போயிருந்தால் அவள் அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்கும்.

லீதியா நோட்டைத் திறந்து பார்த்தார். ஒட்டிய துண்டுகள், துண்டுக்கு ஒரு மெரூன் பொட்டு. விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"டோன்ட். ஐம். இதெல்லாம் தெனம் சொல்றதுதான், கடையில வர்ற வெள்ளக்காரங்ககிட்ட. எழுதுனா இப்டியா இருக்கும்?" பிறகு கடைசி வரிக்கு வந்தார். அதன் அர்த்தம் அவருக்குத் தெரிந்தது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடிச்சேனே" என்றார்.

ஹெப்சிபா மேடம் என்னைப் பார்த்தார். "பதினெட்டுப் பிள்ளைங்கள்ல எட்டு வீட்ல பொட்டு கெடையாது. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம். யோசிக்கல."

"யோசிக்கணும்."

"யோசிக்கணும் மேடம்."

"சரி, பிள்ளையக் கூட்டிட்டு வாங்க."

பியூலா வந்து வாசலிலேயே நின்றாள். அம்மா அழுவதைப் பார்த்ததும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள். லீதியா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"மிஸ் குடுத்தாங்கன்னு நீ சொன்ன இல்ல? அம்மா நம்பல."

"மூணு வாட்டி சொன்னேன்" என்றாள் பியூலா.

"ஆமா. மூணு வாட்டி சொன்ன."

"நீ ரெண்டு வாட்டி அடிச்ச."

"ஆமாண்டா கண்ணு."

பியூலா கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய் அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். நோட்டு நடுவில் நசுங்கியது. ஹெப்சிபா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி, தேவையே இல்லாமல் திரைச்சீலையைச் சரி செய்தார்.

லீதியா எழுந்தபோது அந்தத் தாளைக் கிழித்தார். மேடத்திடம், "அந்தப் பொட்டு மட்டும் வேணாம் மேடம். தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார்.

"வேணாம்மா. எடுத்துடுவாங்க."

"அது எடத்துல என்ன ஒட்டுவீங்க?" என்று என்னைக் கேட்டார்.

தெரியவில்லை என்றேன். வராந்தா வரை போனவர் திரும்பி வந்தார்.

"சீரகம் ஒட்டுங்களேன் மிஸ். வளைஞ்சு, வால் வச்சு, இப்டித்தான் இருக்கும். நான் குடுத்து விடறேன்." பிறகு போனை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போனார். "அக்கா... நான்தான்... போன வெக்காதக்கா, வெக்காத. ஒரு நிமிஷம் கேளு" என்பது வரை எனக்குக் கேட்டது.

மூன்றரைக்கு மல்லி வாசம் வந்தது. கன்னியம்மாள் கேட்டருகே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"நீதானா அந்தப் பொட்டு டீச்சரு?"

"ஆமாங்கக்கா."

"ரெண்டு நாளா எங்க வள்ளி, அதான் உங்க லீதியா, என்ன திட்டுன திட்டு இருக்கே, அதெல்லாம் உன் அட்ரஸுக்கு வர வேண்டியது. மாறி எங்க ஊட்டுக்கு வந்துடுச்சு."

"மன்னிச்சிடுங்கக்கா."

"என்ன?"

"மன்னிச்சிடுங்கக்கா!" என்றேன் சத்தமாக.

"அய்ய, ஊரக் கூட்டாத." சிரித்தார். பியூலாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு கொஞ்சம் குரலைத் தணித்தார். "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல டீச்சர். நெத்தியில பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, வுட்டுட்டேன். எடுத்துருந்தா இந்தக் கூத்தே இல்ல. அவகிட்ட சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அன்று மாலை வகுப்பில் உட்கார்ந்து பொட்டுகளை உரித்தேன். நகத்தால் ஓரத்தைத் தூக்கி, காகிதம் கிழியாமல் எடுக்க வேண்டும். பாதியில் ஹெப்சிபா மேடம் வந்து எதிரே உட்கார்ந்து ஒரு நோட்டை இழுத்துக்கொண்டார். இருவரும் உரித்தோம். என் கை என்னை அறியாமல் என் நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"அதத் தொடாதீங்க" என்றார் நிமிராமலேயே. "உங்க நெத்தி உங்களுது. நான் நோட்டத்தான் சொன்னேன்."

"சரிங்க மேடம்."

"நாளைக்கு உங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காருவேன்."

பொட்டு எடுத்த இடங்களில் பசை மட்டும் சின்னச் சொட்டுகளாக மீந்திருந்தது.

வியாழக்கிழமை பியூலா ஒரு பொட்டலம் சீரகம் கொண்டுவந்தாள். வகுப்பு முழுக்க ரசம் வைத்த வீடு மாதிரி மணத்தது. ஹெப்சிபா மேடம் கடைசி பெஞ்சில் பியூலாவுக்கும் ஆதவனுக்கும் நடுவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். முந்தின நாள் அலுவலகத்தில் எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, அந்த இடத்தைத் தேடினேன்.

"எல்லாரும் ஆளுக்கு அஞ்சு எடுத்துக்குங்க" என்றேன். "பசை இருக்கற எடத்துல வைங்க. வால் கீழ பாத்து இருக்கணும்."

கடைசி பெஞ்சில் ஐந்து சீரகம் எடுத்தார்கள். மேடமும் எடுத்தார்.

வேலை முடிந்ததும் ஒவ்வொருவரையாக எழுப்பிப் படிக்கச் சொன்னேன். யாருக்கும் நான் இரண்டாவது முறை சொல்ல வேண்டி வரவில்லை. ஆதவன் மட்டும் நான்கு குறிதான் வைத்திருந்தான்.

"அஞ்சாவது எங்க?"

"துன்ட்டேன் மிஸ்."

மேடம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். என் மேசையைத் தாண்டும்போது நின்றார். "ரெஜிஸ்டர் எழுத வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன் போய்விட்டார்.

மதியம் டப்பாக்கள் திறந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. காத்திருந்தேன். பியூலா எழுந்து கையைக் கூப்பினாள். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா" என்றாள். பக்கத்து அறையில் பேச்சு நின்றது. "சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம். அம்மாவுக்கு ஸ்தோத்திரம். பெரியம்மாவுக்கு ஸ்தோத்திரம். மிஸ்ஸுக்கு ஸ்தோத்திரம். சீரகத்துக்கும் ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். அன்று நானும் கண்ணை மூடியிருந்தேன். யார் யாரைக் கிள்ளினார்கள் என்று தெரியாது.